இடது கை

பதினொரு வருடம் ஸ்கூட்டியில் போனவள் நான்.
கார்க்காரரைத் திட்டுவதற்கென்றே
ஹெல்மெட்டுக்குள் தனியாக ஒரு வாய் வைத்திருந்தேன்.
இப்போது என் கையில் ஸ்டியரிங்.
வெள்ளை ஆல்ட்டோ.
லீசிங் முடிய இன்னும் நாற்பத்தாறு மாதம்.
பின்கண்ணாடியில் முந்திய சொந்தக்காரர் ஒட்டிய
பாதி உரிந்த கிளிப்படம்.

களுவாஞ்சிகுடியில் ஆறரைக்கு வெளிக்கிட்டால்
கச்சேரிக்கு எப்படியோ எட்டரைக்குள் போய்விடுவேன்.
கல்முனை பஸ் பின்னால் வந்து
ஹோர்னில் என் பரம்பரையை விசாரிக்கும்.
ஒதுங்குவேன். போகட்டும்.
அடுத்த ஹோல்ட்டில் அது நிற்கும், நான் கடப்பேன்,
திரும்ப அது, திரும்ப நான்.
ஆரையம்பதி வரும்போது
மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டர் பொடியன்
எனக்குக் கையாட்டத் தொடங்கியிருப்பான்.

தாழங்குடாவில் மாடுகள்.
நடு ரோட்டில் படுத்து அசைபோடும்.
ஹோர்ன் அடித்தால் ஒன்று மட்டும் காதை ஆட்டும்.
ஸ்கூட்டியில் வளைந்து போய்விடுவேன் முன்பு.
இப்போது நிற்கிறேன்.
என் அகலம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காத்தான்குடியில்தான் அது நடந்தது,
வெள்ளிக்கிழமை பின்னேரம்,
நடுவில் பேரீச்சை நிற்கும் அந்த ரோட்டில்.
பாமசிக்கு முன்னால் நிறுத்தினேன்,
நேராக, கல்லோடு ஒட்டி, அழகாக.
எனக்கே என்னைப் பிடித்தது.
அந்தச் சந்தோசத்தில் வலது கை
தன்பாட்டில் கதவைத் தள்ளிற்று.

கதவுச் சத்தமும் பிரேக் சத்தமும்
ஒன்றாகத்தான் கேட்டன.
மோட்டார்சைக்கிள் ஒன்று. பின்னால் றெஜிபோம் பெட்டி.
பெட்டி சரிந்து ஐஸ் சிதறி
கணவாய்கள் தார் ரோட்டில் வழுக்கிப் போயின.
அவர் விழவில்லை.
கதவின் விளிம்புக்கும் அவர் முழங்காலுக்கும்
இடையில் ஒரு சாண்.
அந்த ஒரு சாணை இப்போதும் கையால் அளந்து பார்க்கிறேன்,
மேசையில், தலகணியில்.

"கண்ணாடி என்னத்துக்கு வெச்சிருக்கு,
தல சீவவா?"

எத்தனை தரம் நான் கேட்ட கேள்வி!
ஒரு சொல்கூட மாறாமல்
காத்தான்குடிக் குரலில் எனக்கே வந்து சேர்ந்தது.

குந்தியிருந்து இரண்டு பேரும் பொறுக்கினோம்.
பெட்டியில் நீல மையில் "முபீத் மீன்" என்றும்
ஒரு போன் நம்பரும்.
பின்னால் நின்ற ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்கவில்லை;
ஒருவர் இறங்கிவந்து
தன் முன்சில்லுக்கடியில் கிடந்த கணவாயை எடுத்துத் தந்தார்.
நட்டம் எவ்வளவு என்றேன்.
கைநடுக்கத்தைப் பார்த்தாரோ, சீட்டில் பொலித்தீன் கழற்றாததைப் பார்த்தாரோ,
"ஐசுக்கு முந்நூறு தாங்க" என்றார்.
ஒரு கிலோ கணவாயும் வாங்கினேன், பாதி மன்னிப்பாக.
பனடோல் வாங்க மறந்துபோனேன்.

மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழக்கினார்கள்.
ட்ரம்களுக்கிடையில் றிவேர்ஸ் போடப் பழக்கினார்கள்.
காரைவிட்டு இறங்குவது
பரீட்சையில் வரவில்லை.

ஸ்கூட்டிக் காலத்தில்
நிற்கும் கார்களுக்கு ஒரு கதவகலம் விட்டுத்தான் போவேன்,
எந்த மடையன் எப்போது திறப்பானோ என்று.
அந்த மடையனுக்கு
என் முகம் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

இப்போது இடது கையால் திறக்கிறேன்.
வலப்பக்கக் கதவுக்கு இடது கையை நீட்டிப் பாருங்கள்:
தோள் திரும்பும், கழுத்துத் திரும்பும்,
நீங்கள் கேட்காமலே கண் போய்
பின்னால் வருகிறவரில் விழும்.
கச்சேரியில் சிரிக்கிறார்கள்,
கை சுளுக்கா மிஸ் என்று.
ஓம் என்றேன்.

நேற்று கிரான்குளத்தில்
கண்ணாடிக்குள் ஒரு ஸ்கூட்டிக்காரி.
எதிரே டிப்பர் ஒன்று, எனக்கு முன்னால்
விறகு கட்டிய சைக்கிள் ஒன்று.
அவருக்குப் பின்னால் அவர் வேகத்தில் போகிறேன்.
அவளுக்கு அவசரம். யாருக்குத்தான் இல்லை?
ஹெல்மெட்டுக்குள் வாய் அசைகிறது.
என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்,
எந்தச் சொல்லில் தொடங்கி எதில் முடியும் என்றுகூட.

டிப்பர் போகட்டும் பிள்ளை.
சைக்கிள்காரர் ஒழுங்கைக்குள் திரும்பட்டும்.
இடப்பக்க சிக்னலைப் போட்டு
மெதுவாக ஒதுங்கினேன்.
திட்டிக்கொண்டே கடந்தாள்,
ஒரு கதவகலம் விட்டு.